கிளியைத் துவட்டுகிறவர்

கிளி வளர்ப்பவர் ஓர் இனம். கிளியைக் குளிப்பாட்டுகிறவர் வேறோர் இனம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாமவருக்குக் கிளி வேண்டும். இரண்டாமவருக்குக் கிளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பக்கத்து வீட்டில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் பூனை, பூனை ஓடிவிட்டால் ஆமை, ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் பூச்சட்டி. அவருக்கு வேண்டியதெல்லாம் தன் பாட்டுக்குச் சும்மா இருக்கிற ஒரு ஜீவன், ஒரு வாளி, ஒரு துண்டு. அப்புறம், 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாத ஒரு வாய்.

கிளிக்குப் பேசத் தெரியுமே என்கிறீர்களா? தெரியும். ஆனால் யாராவது கிளிக்கு 'வேண்டாம்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எந்நேரமும் வலது முழங்கை ஈரமாக இருக்கும், ஏனென்றால் தண்ணீரின் சூட்டை விரலால் பார்ப்பவன் அரைகுறை, முழங்கையால் பார்ப்பவனே நிபுணன் என்பது அவர்கள் கொள்கை. தோளில் 'குட்மோர்னிங்' என்று அச்சடித்த ஒரு துண்டு தொங்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே கண் கூண்டைத் தேடும். கண்டதும் நாக்கு 'ட்சு' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் வீட்டுக்காரர் இத்தனை நாள் கிளியைப் பட்டினி போட்டு அடித்துக் கொடுமைப்படுத்தியதற்கான தீர்ப்பு அடங்கியிருக்கும். "என்னாலா இது, எறக்க இப்படி டல்லா இருக்கு?" என்பார். பிறகு உங்கள் தேத்தண்ணி ஆறிவிடும். அவர் ஆறமாட்டார்.

நம் ஆள் தர்மா. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர்க் காட்டை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் மூன்றாவது வரிசை, முனைக்கு முந்தின வீடு. ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியின் கழுவும் கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் வேலை. கடைசி ஒன்பது வருஷம் அங்கேயே சூப்பர்வைசர். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். கம்பெனிச் சாவியைத் திருப்பி வாங்கினார்கள், கம்பெனிச் சட்டையைத் திருப்பி வாங்கினார்கள். கழுவுகிற ஆசையைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள்.

முதல் மாதம் கேட்டைக் கழுவினார், வாசல் சாக்கடைக் கால்வாயைக் கழுவினார், குரோட்டன்ஸ் செடியின் இலைகளை ஒவ்வொன்றாக, முன்பக்கம் பின்பக்கம், ஈரத்துணியால் துடைத்தார். இரண்டாம் மாதம் எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளை, அதன் சொந்தக்காரர் தூங்கி எழுவதற்குள், அடிப்பக்கம் உட்படக் கழுவிவைத்தார். அது அன்றைக்கு முழுக்க ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குக் காரணம் பிளக் பழசு. மூன்றாம் மாதத்திலிருந்து தாமான் காகங்கள் அவர் வாசலைக் கடக்கும்போது மட்டும் பத்தடி உயரம் கூட்டிக்கொண்டு பறக்கின்றன என்று பேச்சு. அந்த வரிசையில் அழுக்காக ஒரு பல்லியைக்கூட யாரும் பார்த்ததில்லை.

இத்தனை கழுவியவர், மகன் சுரேன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவையாவது அவன்மீது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருப்பாரா? இதை அவருடைய மனைவி துளசியிடம் கேட்டால், தைத்துக்கொண்டிருக்கும் ரவிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வரும்.

"அப்ப அவருக்கு லோரி இருந்திச்சு."

முனை வீடு முத்தம்மாவுடையது. அவர் கணவர் பத்துமலை சிமெண்டு லோரி ஓட்டினவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவர் விட்டுப்போனவற்றில் உயிருள்ளது ஒரு பச்சைக்கிளி. பெயர் தவுக்கே. "வேல ஒன்னும் செய்யாது, உக்காந்த எடத்துலேருந்து ஓடர் மட்டும் போடும். மொதலாளிதானே" என்று பத்துமலையே வைத்த பெயர். தவுக்கே பேசக் கற்றது மொத்தம் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, கேட்டுக் கேட்டுத் தானாகப் பிடித்துக்கொண்டது. சாயந்திரம் ஏழு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டதும், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்கும்:

"முத்தம்மா, கேட்டப் பூட்டிட்டியா?"

பத்துமலையின் குரல். அதே அதட்டல், அதே இழுப்பு, அதே கரகரப்பு. முத்தம்மா உள்ளேயிருந்து "பூட்டிட்டேன்லா" என்பார். முப்பது வருஷம் மனிதனுக்குச் சொன்ன பதிலை இரண்டு வருஷமாகக் கிளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் ஒரு நாளும் அவர் சோற்றில் கை வைத்ததில்லை.

மகள் தினேஸ்வரிக்குப் பாகான் செராயில் பிரசவம். மகள் வீட்டிலோ இரண்டு பூனைகள். எனவே ஒரு வியாழக்கிழமை காலை முத்தம்மா கூண்டைத் தூக்கிவந்து துளசியின் கையில் கொடுத்தார். கவனியுங்கள், துளசியின் கையில்.

"பத்து நாளுதான் துளசி. காலையில சூரியகாந்தி வெத, ஒரு துண்டு பப்பாளி, குடிக்கிற தண்ணிய மாத்தினா போதும். வேற ஒன்னும் செய்ய வேணாம்."

"குளிப்பாட்ட வேணாமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாருடையது என்று எழுத வேண்டுமா?

"வேணாம் அண்ணே. ஒரு தட்டுல தண்ணி வெச்சா அதுவே குளிச்சிக்கும். வெயில்ல அதுவே காஞ்சிக்கும்."

'அதுவே' என்று ஒரு சொல் இருக்கிறதே, இந்த இனத்தின் காது அந்த ஒரு சொல்லை மட்டும் உள்ளே விடாது. தர்மாவின் காதுக்குள் போனது 'தண்ணி', 'குளி', 'காய்' என்ற மூன்று சொற்கள்தாம். ஒரு முழு வாழ்க்கைத் திட்டத்துக்கு அவை போதாதா?

முத்தம்மா காரில் ஏறப்போகும்போது ஒன்று சொன்னார். "ஏழு மணிக்கு போன் போடுறேன் துளசி. அதுகிட்ட வெச்சுக் காட்டு. அது கேக்கறத கேட்டாதான் எனக்கு சோறு எறங்கும்."

வியாழன் ஏழு மணி. போனைக் கூண்டருகே பிடித்தார் துளசி. தவுக்கே கேட்டது. பாகான் செராயிலிருந்து பதில் வந்தது. துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தர்மா போகவில்லை. இரண்டு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மங்கலாகக் கேட்ட குரலை அவர் முதல்தடவையாக ஒரு முழத் தூரத்தில் கேட்கிறார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு காதைக் கூண்டில் வைத்தார். எஞ்சினைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"துளசி, இந்தக் கிளிக்கு சளி."

"எந்தக் கிளிக்கு?"

"எத்தன கிளி இருக்கு வீட்டுல? தொண்ட கரகரன்னு இழுக்குது பாரு. மண்ணு புடிச்ச எஞ்சின் மாதிரி."

"சும்மா விடுங்க. அது அப்படித்தான் பேசும்."

அவரால் முடியாத காரியங்கள் உலகத்தில் இரண்டு: ஒன்று, வாயை மூடுவது, மற்றொன்று, சும்மா விடுவது. வெள்ளிக்கிழமையும் அதே கரகரப்பு. இனி சந்தேகமில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். குப்பை லோரி எப்போது வரும் என்று தெரிந்துகொள்வதற்காகத் தொடங்கிய குழு, இப்போது அதைத் தவிர மற்றதெல்லாம் அதில் தெரிந்துகொள்ளலாம். தர்மா எழுதினார்: 'கிளிக்குச் சளி. குளிப்பாட்டலாமா?' கேள்விக்குறி மரியாதைக்காகப் போட்டது. ஒருவர் கற்பூரவல்லி என்றார். ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார், அப்போது இரவு எட்டு மணி. ஒருவர் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினால் சூடு தணியும், சளி இறங்கும் என்றார். ஓய்வு பெற்ற ஆசிரியை கலாதேவிதான் விஷயத்தின் வேரைப் பிடித்தார்: 'முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். பெண்ணுக்கு வெள்ளி. ஆணுக்குச் சனி.'

அப்போதுதான் வெள்ளி முடியப்போகிறது. ஆகவே தவுக்கே ஆணாக இருந்தே தீர வேண்டிய நிலை. நல்லவேளை, கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. வளையம் இருந்தால் ஆண். தர்மா நிம்மதியாகத் தூங்கினார். கிளியும் தூங்கியது, பாவம்.

சனிக்கிழமை துளசி டவுனில் தையற்கடைக்குப் போய்விடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்பதரைக்குக் கேட் சாத்தும் சத்தம். ஒன்பது முப்பத்திரண்டுக்குத் தர்மாவின் வாசலில் மூன்று வாளிகள் வந்துவிட்டன: சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர், இரண்டும் கலந்தது. நான்கு துண்டுகள்: தலைக்கு, உடம்புக்கு, வாலுக்கு, அவசரத்துக்கு. ஒரு பழைய பல் தூரிகை, அடிப்பக்கத்துக்கு. அடுப்பில் சின்னக் கரண்டி நல்லெண்ணெய் இரண்டு மிளகோடு பொரிந்துகொண்டிருந்தது. மிளகு எதற்கு? சளிக்கு. மனிதருக்கு ஆறு போடுவோம், கிளிக்கு இரண்டு போதாதா? அளவு தெரிந்தவர் ஐயா அவர்.

பிறகு என்ன நடந்தது என்பதைப் பல விதமாகச் சொல்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் சொல்வது இது. கிளி முதலில் அலறியது, பிறகு கடித்தது, பிறகு ஒரு தடவை தர்மாவின் வழுக்கைத் தலைமீது ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவரோ அதைப் பற்றிக் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "அசையாதடா, நல்லதுக்குத்தான், ரெண்டே நிமிசம், அடிப்பக்கம்தான் முக்கியம்" என்று தம் தலையோடு சேர்த்தே எண்ணெய் தேய்த்தார். பஞ்சுபோலப் புடைத்திருந்த பச்சைக்கிளி எண்ணெய் பட்டதும் பாதியாகச் சுருங்கியது. இறகுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. சீயக்காய் போட்டுப் பார்த்தார், எண்ணெய் இறங்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டார், பாதி இறங்கியது. மீதிப் பாதியோடு அது கூண்டுக் கம்பியில் உட்கார்ந்தபோது, யாரோ மழையில் மறந்துவிட்டுப்போன துடைப்பம் மாதிரி இருந்தது.

இங்கேதான் சாதாரண ஆளுக்கும் நிபுணருக்கும் வித்தியாசம். சாதாரண ஆள் பயந்துபோவான். நிபுணர் அடுத்த கட்டத்துக்குப் போவார். அடுத்த கட்டம் துவட்டல்.

நான்கு துண்டாலும் துவட்டினார். துளசி மகனின் கல்யாணத்துக்கென்று வாங்கி, பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்த ஹேர்டிரையரை எடுத்தார். அதற்கு மூன்று வேகம் உண்டு. முதல் வேகத்தில் கிளி கண்ணை மூடிக்கொண்டது, இரண்டாவதில் வால் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது, மூன்றாவதை அவர் வைக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். அப்படியும் காயவில்லை. எண்ணெய் இருக்கிற இறகு எப்படிக் காயும்? அவர் யோசித்தார். பிள்ளை பெற்ற வீட்டில் தலைக்கு ஊற்றிய குழந்தையை எப்படிக் காயவைப்பார்கள்? கூடையைக் கவிழ்த்து, அடியில் தணல் வைத்து, சாம்பிராணி போடுவார்கள். ஈரமும் போகும், சளியும் போகும். ஒரே கல்லில் இரண்டு வேலை. சுரேனுக்குப் போட்டபோது இவர் லோரி கழுவிக்கொண்டிருந்தார் என்றாலும், அந்த வாசம் சட்டையில் ஒட்டி ஒரு நாள் வேலைக்கு வந்திருக்கிறது. அந்த அனுபவம் போதும்.

கூண்டின்மேல் பெரிய துண்டைப் போர்த்தினார். பால் டின்னில் தணலை வைத்துக் கூண்டின் அடியில் தள்ளினார். கை நிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். மூன்றாவது வரிசை முழுக்க மணத்தது. எதிர்வீட்டுக்காரர் பாட்டுக்கு வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துண்டுக்குள்ளிருந்து மூன்று தும்மல் கேட்டது.

"பாத்தீங்களா, சளி கழலுது" என்றார் தர்மா.

நான்காவது தும்மல் இல்லை. துண்டை எடுத்தார். தவுக்கே இருந்தது, உயிரோடுதான் இருந்தது. கூண்டின் மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பப்பாளியை நீட்டினார், திரும்பவில்லை. விசில் அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 'நல்லதுக்குத்தான்' என்று இன்னொரு தடவை சொன்னார், இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

துளசி ஆறு மணிக்கு வந்தார். கேட்டைத் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. கூண்டைப் பார்த்தார், ஹேர்டிரையரைப் பார்த்தார், பல் தூரிகையைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் துளசி ஒரு வார்த்தையும் சொல்லாத நாட்கள் இரண்டுதான், முதலாவது கல்யாணத்தன்று.

ஏழு மணிக்கு போன் அடித்தது.

துளசி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கூண்டருகே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். வாசல் விளக்கு எரிந்தது. தவுக்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனில் முத்தம்மா காத்திருந்தார்; அவர் மூச்சு கேட்டது. பின்னால் எங்கோ பிறந்து இரண்டு நாளான பேரப்பிள்ளை சிணுங்கியது. அரை நிமிஷம் ஓடியது. தர்மா வியர்த்தார். பிறகு இந்த இனம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். கூண்டுக்குப் பின்னால் குனிந்து, தொண்டையை இறுக்கிக்கொண்டு, கரகரவென்று கேட்டார்:

"முத்தம்மா, கேட்டப் பூட்டிட்டியா?"

துளசி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு முத்தம்மாவின் குரல், மிக அமைதியாக.

"அண்ணே. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல... வந்து..."

"தவுக்கேக்கு என்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவுல முத்தம்மா. கொஞ்சம் டயர்டா இருக்கு. நாளைக்கு சரியாயிடும். எனக்குத் தெரியும்லா."

"நாளைக்கு நான் வாரேன்" என்றார் முத்தம்மா. "இங்க சம்பந்தியம்மா இருக்காங்க."

அன்றிரவு முத்தம்மா சாப்பிட்டாரா என்று துளசி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த விஷயம்.

ஞாயிறு காலை, கிளினிக் திறக்கும் முன்பே, ஈப்போவில் ஒரு மிருக வைத்தியரின் வாசலில் காருக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்; கூண்டு துளசியின் மடியில். டாக்டர் பிரமிளா சின்னப் பெண், சுரேன் வயதுதான் இருக்கும். கிளியைக் கையில் எடுத்து, இறக்கையை விரித்து, முகர்ந்து பார்த்தார். பிறகு தர்மாவைப் பார்த்தார்.

"அங்கிள், இதுல எண்ண இருக்கு, சோப்பு இருக்கு, பொக இருக்கு. சமைக்கப் போனீங்களா?"

"சளி டாக்டர். தொண்ட கரகரன்னு..."

"நெஞ்சுல சளி இல்ல. இப்ப பொக இருக்கு. கிளிக்கு நுரையீரல் ரொம்ப மெல்லிசு. இன்னும் கொஞ்ச நேரம் மூடி வெச்சிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதில்ல."

தர்மா வாயைத் திறந்தார். துளசி அவர் முழங்கையை, அந்த ஈரமான முழங்கையைத்தான், பிடித்து அழுத்தினார். டாக்டர் கிளியை உள்ளே எடுத்துப்போய் எண்ணெயை இறக்கிவிட்டுக் கொண்டுவந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு துண்டு.

"இனிமே கைய வெக்காதீங்க. காத்தோட்டமான எடம். ஒரு தட்டுல தண்ணி. அதுவே குளிக்கும், அதுவே காயும். கொரல் வருமான்னு நான் சொல்ல முடியாது. வரலாம். வராமலும் போகலாம்."

திரும்பும் வழியில் சுங்கை சிப்புட் சாலைவிளக்கில் நின்றபோது தர்மா சொன்னார்: "தண்ணின்னுதான் டாக்டரும் சொல்றாங்க. அளவுலதான் வித்தியாசம்."

துளசி கார்க் கண்ணாடியை இறக்கி, வெளியே பார்த்துக்கொண்டார்.

மருமகன் காரில் முத்தம்மா நண்பகலுக்கு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றாமல் நேரே கூண்டிடம் போனார். குனிந்து பார்த்தார். விரலை நீட்டினார், தவுக்கே மூலையிலிருந்து நகர்ந்துவந்து விரலில் ஏறிக்கொண்டது, ஆனால் சத்தமில்லை. முத்தம்மா அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"சாம்பிராணி வாசம் வருது அண்ணே."

"சளி முத்தம்மா. ரெண்டு நாளா கவனிச்சேன். பேசும்போது கரகரன்னு இழுத்திச்சு, அதான் சளி கழலட்டும்னு..."

முத்தம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"அது சளி இல்ல அண்ணே. அது அவரு தொண்ட. முப்பது வருசம் சுருட்டு, சிமெண்டுத் தூசி. அவரு அப்படித்தான் பேசுவாரு. மறந்துட்டீங்களா?"

கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட் மெதுவாகத்தான் சாத்தியது.

தர்மாவுக்கு ஞாபகம் இருந்தது. அதுதான் சங்கடம். பத்துமலை தினமும் சாயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "மச்சான், தண்ணிய நிறுத்து, ஆத்துல கொஞ்சம் மிச்சம் வைக்கணும்" என்று அதே கரகரப்பில் சொல்லுவார். அந்தக் கரகரப்பைத்தான் இவர் தணலில் வைத்திருக்கிறார்.

ஞாயிறு ஏழு மணிக்குத் தர்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் விளக்கு எரியும் 'டக்' சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திங்களும் அப்படியே. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் வாயைத் திறக்காமல், கையில் ஒன்றும் இல்லாமல், கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் வந்து, "அண்ணே, ஏதாச்சும் கழுவணுமா? என் மோட்டார் வேணா கொண்டு வரவா?" என்று கேட்டார். தர்மா வேண்டாம் என்று தலையாட்டினார். அன்றைக்கு அந்த மனிதர் மனைவியிடம் போய், "தர்மாண்ணே ரொம்ப நாள் தாங்கமாட்டாரு" என்று சொன்னதாகக் கேள்வி.

செவ்வாய் மத்தியானம் மழை கொட்டியது. ஈப்போ வழக்கப்படி கொட்டி, அரை மணியில் வெளுத்தது. தர்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார், பார்க்கக் கூடாதென்று துளசி கட்டளை போட்டிருந்தும். முத்தம்மா வாசலில் ஒரு தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்துவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய்விட்டிருந்தார். போய்விட்டிருந்தார், அதுதான் விசேஷம். யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. தவுக்கே தட்டின் விளிம்பில் வந்து நின்றது. தண்ணீரைக் கொத்திப் பார்த்தது. அலகால்தான், முழங்கையால் அல்ல. பிறகு உள்ளே இறங்கி, நெஞ்சை முக்கி, இறக்கையை அடித்து, வாசல் முழுக்கத் தெறிக்கவிட்டு, மேலே ஏறி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. அவ்வளவுதான். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வோர் இறகாக அலகால் கோதத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் பழையபடி பஞ்சாகப் புடைத்துவிட்டது. துண்டு? ஒன்றுகூட இல்லை.

சுவருக்கு மேலே தெரிந்த வழுக்கைத் தலைக்கு இது பொறுக்கவில்லை. "வாலு சரியா நனையல" என்று அது தனக்குத்தானே முணுமுணுத்தது. ஆனால் இறங்கிவிட்டது.

அன்று ஏழு மணி. நாற்காலி. சுவர். விளக்கின் 'டக்'.

ஒன்றுமில்லை.

தர்மா எழுந்தார். நாற்காலியை மடக்கினார். இரண்டடி வைத்திருப்பார்.

"முத்தம்மா," என்றது சுவருக்கு அந்தப் பக்கம், மெல்ல, நடுவில் ஒரு தடவை அடைத்து, மறுபடி பிடித்துக்கொண்டு. "கேட்டப் பூட்டிட்டியா?"

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே வைக்கும் சத்தம். பிறகு, அழுகிற குரலா சிரிக்கிற குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல்.

"பூட்டிட்டேன்லா."

தர்மா இருட்டத் தொடங்கிய வாசலில், மடக்கிய நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நன்றாக, அழுத்தி, இரண்டு தடவை துடைத்தார். துளசி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் தம் முகத்தைத் தாமே துடைத்துப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. பரவாயில்லை, இனிமேல் தேறிவிடுவார் என்று துளசிக்குத் தோன்றியது. அந்த எண்ணம் சுமார் ஆறு வினாடி நிலைத்தது.

"துளசி," என்றார் தர்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கேட்டியா? இன்னும் கொஞ்சம் சளி இருக்கு."

மறுநாள் காலை கோப்பிக் கடையில் அவர் சொன்னது பின்வருமாறு: சாம்பிராணி உடனே வேலை செய்யாது, நாலாம் நாள்தான் வேலை செய்யும், சனிக்கிழமை போட்டது, செவ்வாய்க்கிழமை தொண்டை திறந்துகொண்டது, கணக்கு சரியாக இருக்கிறது, இதெல்லாம் படித்த டாக்டருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், தம் வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது, பத்து நாளாக ஓட்டை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லித் தொலைத்தார். தர்மா கோப்பியைக் கீழே வைத்தார். "ஓட்டுக்கு அடிப்பக்கம் எப்பவாச்சும் தேச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

இனி உங்களிடம் வருவோம். நம் வீட்டில் கிளியும் இல்லை, ஆமையும் இல்லை, நாம் தப்பித்தோம் என்று கால் நீட்டிக்கொள்ளாதீர்கள். கிளி இல்லாத வீடுகளில்தான் இந்த இனம் செழித்து வளர்கிறது. அங்கே புதிதாக வந்த மருமகள் இருக்கிறாள், தன் பாட்டுக்குச் சமைக்கத் தெரிந்தவள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை இருக்கிறான், முப்பது வயது, தினமும் போனில் 'தலைய தொடச்சியா?' என்று கேட்கப்படுகிறவன். துக்கத்தில் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பும் சிநேகிதி இருக்கிறாள். அவர்கள் யாரும் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, உண்மையான பதிலைச் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே ஓர் இடத்தில் ஒரு மனிதர், வாயில்லாத ஒரு ஜீவனைத் துணியால் மூடிவைத்து, கை நிறையச் சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டாரே, அதைப் படித்தபோது உங்கள் மனம் 'ஐயோ பாவம்' என்றதா? இல்லை, 'ஒரு சிட்டிகை போதுமே' என்றதா?